இணையம் விட்டு விட்டு அறுகிறதா? கம்பெனிக்காரரைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

இரண்டாம் குறுக்குத் தெருவில் எங்களது புடவைக் கடை மூன்று தட்டுகளில் இயங்குகிறது. கீழே மொத்த விற்பனை, முதலாம் மாடியில் காரியாலயம், அதற்கு மேலே ஸ்டோர்ஸ். பில் போடும் கவுண்டரில் இரண்டு கணனிகளும் காரியாலயத்தில் நான்கும் இருக்கின்றன. பில், இருப்பு, பாக்கிக் கணக்கு எல்லாமே இணையத்தின் வழியாக இயங்கும் ஒரு மென்பொருளில் ஏறிவிட்டன. வாப்பாவின் காலத்தில் ஒரு சிட்டைக் கொப்பியும் காபன் தாளும் இருந்தால் வியாபாரம் ஓடும். இப்போது இணையம் அறுந்தால் கடையே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

சென்ற வருடம் நோன்புப் பெருநாளுக்கு முந்திய ஆறு வாரங்களும் எங்களுக்கு அப்படித்தான் கழிந்தன. இணையம் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் நல்லது, ஆளைக் கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். காலையில் பத்து நிமிடம் போகும், தானாக வரும். பகலில் இரண்டு தடவை போகும். சில நாட்களில் போகவே போகாது. திருத்த வந்தவர் நிற்கும்போது கிணற்றுத் தண்ணீர் போல அமைதியாக இருக்கும், அவர் படியிறங்கிப் போனதும் அறுந்துவிடும். விட்டு விட்டு வரும் காய்ச்சலைத்தான் வைத்தியர்களும் இலகுவில் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பார்களே, அதே கதைதான்.

இதனால் வந்த நஷ்டத்தை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். அக்கரைப்பற்றிலிருந்து வழமையாக வரும் ஒரு வியாபாரி, பெருநாளுக்கு இருபது நாள் இருக்கும்போது வேனோடு வந்து நின்றார். காசை வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அது வந்து சேர்ந்ததா என்று பார்க்க இணையம் இல்லை. இருப்பைப் பார்க்கவும் முடியவில்லை. தெருவில் வேனை நிறுத்திவைக்க விடமாட்டார்கள் என்பது புறக்கோட்டையை அறிந்த எல்லோருக்கும் தெரியும். முக்கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “நானா, இதுக்கு மட்டும் உங்கட சரக்கு போதும், மிச்சத்தை நான் பக்கத்துல பார்த்துக்கிறேன்” என்று சொல்லி, எடுக்க நினைத்ததில் பாதியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. கோபம் எல்லாம் இணையக் கம்பெனி மீதும், எங்கள் கட்டடத்துக்கு நெட்வேர்க் வயர் இழுத்துக் கொடுத்த இளைஞர் மீதும்தான் போனது.

நான் செய்ததை ஒளிக்காமல் சொல்வதாயின், கம்பெனிக்கு பதினொரு தடவை முறைப்பாடு செய்தேன். பதினான்காயிரம் ரூபாவுக்குப் புதிய ரவுட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். வயர் இழுத்த அந்தத் தம்பிக்குக் கொடுக்க வேண்டியிருந்த மீதிப் பணத்தைத் தராமல் நிறுத்திவைத்தேன். “உன்ட வேலைதான் இது, சரியாக்கிட்டு வந்து வாங்கு” என்று கடையில் நாலு பேர் முன்னால் சொன்னேன். கடைசியாக தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து கையெழுத்தும் வைத்துவிட்டேன். அது தபாலில் சேராமல் போனது என் நல்ல காலம். ஏனெனில் பிழை இருந்தது எங்கள் கட்டடத்தில், அதுவும் நானே காசு கொடுத்து வரவழைத்த பிழை.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைச் சொல்கிறேன். கணனிப் படிப்புப் படிக்காத நானே விளங்கிக்கொண்டதால் உங்களுக்கும் விளங்கும்.

வாசல் எங்கே இருக்கிறது?

முதலில் ஓர் அடிப்படை. உங்கள் கடையில் எத்தனை கணனிகள், கைத்தொலைபேசிகள், கமெராக்கள் இருந்தாலும் அவை வெளியுலகத்துக்குப் போவது ஒரே வாசலால்தான். அந்த வாசல்தான் ரவுட்டர். இதைத்தான் கேட்வே என்கிறார்கள். வாசலுக்கு உள்ளே இருப்பது உங்கள் வீடு. வயர், ஸ்விட்ச் பெட்டி, வைஃபை எல்லாம் உங்கள் பொறுப்பு. வாசலுக்கு வெளியே இருப்பது தெரு; அது கம்பெனியின் பொறுப்பு. ஆகவே இணையம் அறுந்தால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அறுந்தது வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா?

இதை அறிவதற்கு ஒவ்வொரு விண்டோஸ் கணனியிலும் இலவசமாக ஒரு கருவி இருக்கிறது. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு கட்டம் வரும். அதில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை அடித்து என்டர் செய்யுங்கள். கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் ஐபிகொன்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் உங்கள் கணனியின் இலக்கமும், டிஃபோல்ட் கேட்வே என்பதற்கு எதிரே வாசலின் இலக்கமும் தெரியும். எங்கள் கடையில் அது 192.168.1.1. உங்களிடம் 192.168.0.1 ஆகவோ 192.168.8.1 ஆகவோ இருக்கலாம். இவை கட்டடத்துக்குள்ளே மாத்திரம் செல்லுபடியாகும் இலக்கங்கள். பக்கத்துக் கடையிலும் இதே இலக்கம் இருக்கும், அதனால் பாதகமில்லை. ஆனால் ஒரே கடைக்குள் ஒரே இலக்கம் இரண்டு பெட்டிகளுக்கு இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்து பிங் என்ற கட்டளை. பி, ஐ, என், ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு வாசலின் இலக்கத்தை அடித்து, இன்னோர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் போட்டு என்டர் செய்யுங்கள். கணனி வாசலைப் பார்த்து “இருக்கிறாயா?” என்று விநாடிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வந்தால் ரிப்ளை என்று ஒரு வரி; வராவிட்டால் ரிக்குவெஸ்ட் டைம்ட் அவுட் என்று ஒரு வரி. இதை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி எழுப்பும் ஓசையை நினைத்து அந்தப் பெயரை வைத்தாராம். நாற்பது வருடம் கடந்தும் உலகம் முழுவதும் நெட்வேர்க் திருத்துபவர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து அதே மாதிரி 8.8.8.8 என்ற இலக்கத்தை பிங் செய்யுங்கள். இது கூகுள் நிறுவனம் 2009இல் பொதுமக்களுக்காகத் திறந்துவிட்ட ஒரு சேவையின் இலக்கம். மனப்பாடம் செய்ய இலகுவானது, எப்போதும் விழித்திருப்பது. இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இணையம் போகும் நேரத்தில் இரண்டையும் திரும்பிப் பாருங்கள். வாசலும் பதில் தரவில்லை, வெளியும் பதில் தரவில்லை என்றால் பிழை உள்ளே. வாசல் பதில் தருகிறது, வெளி தரவில்லை என்றால் பிழை பெரும்பாலும் ரவுட்டரில் அல்லது வெளியே. இரண்டும் பதில் தருகின்றன, ஆனால் இணையத்தளம் திறக்கவில்லை என்றால் பெயரை இலக்கமாக மாற்றிக் கொடுக்கும் டீஎன்எஸ் என்ற சேவையில் கோளாறு. அந்த மூன்றாவது கோளாறு ரவுட்டரின் அமைப்பில் ஓர் இலக்கத்தை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் எனக்கு என் மகன் சொல்லித் தந்தவை. நான் செய்தும் பார்த்தேன். அறுந்த நேரத்தில் வாசல் நன்றாகப் பதில் தந்தது, 8.8.8.8 மட்டும் தரவில்லை. விடுவேனா? அந்தத் திரையைப் படம் பிடித்து கம்பெனிக்கு அனுப்பி, “பிழை உங்களுடையது என்பதற்கு இதோ ஆதாரம்” என்று எழுதினேன்.

என்னை ஏமாற்றிய மூன்று ஆதாரங்கள்

அந்தப் படம்தான் முதல் ஆதாரம். இரண்டாவது, ரவுட்டரை நிறுத்திப் போட்டால் இணையம் திரும்பி வந்தது. அப்படியானால் ரவுட்டரில்தானே பிழை என்று புதியதை வாங்கினேன். புதியதை மாட்டிய பிறகும் அறுந்தது. உடனே, “ரவுட்டரும் இல்லை, அப்படியென்றால் லைன்தான்” என்று முடிவு கட்டினேன். அது மூன்றாவது. ஒவ்வொன்றும் நியாயமாகத் தோன்றியது, ஒவ்வொன்றும் பிழை.

என் கண்ணுக்கு முன்னால் இருந்த ஓர் அடையாளத்தை நான் கவனிக்கவேயில்லை. கீழே கவுண்டரில் ஒரு கணனி அறுந்து நிற்கும்போது, அதற்குப் பக்கத்துக் கணனியில் பில் போய்க்கொண்டிருக்கும். பையன்கள் பலமுறை சொன்னார்கள். “அது அப்படித்தான், நெட் இழுபடுது” என்று நானே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். லைன் அறுந்தால் எல்லோருக்கும் அறுக வேண்டும். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளில் சிக்கியபோது நாட்டில் பெரும்பாலானோருக்கு இணையம் இல்லாமல் போனது. பணக்காரன் ஏழை என்று கேபிள் பார்க்கவில்லை. ஒரே ஸ்விட்ச் பெட்டியில் மாட்டிய இரண்டு கணனிகளில் ஒன்றுக்கு இருந்து மற்றதுக்கு இல்லையென்றால் தெருவில் போய்த் தேடுவதில் பிரயோசனமில்லை. உங்கள் கடையில் இணையம் அறுந்தால் தொலைபேசியை எடுப்பதற்கு முன் சத்தம் போட்டுக் கேளுங்கள்: எல்லாருக்கும் இல்லையா, சிலருக்கு மட்டுமா?

பன்னிரண்டாவது முறைப்பாட்டுக்கு வந்தவர் ஒரு சிங்களச் சகோதரர், வயதில் மூத்தவர். தமிழும் ஓரளவு பேசினார். நான் கத்துவதை எல்லாம் நின்று கேட்டார். பிறகு, “முதலாளி, எந்த நேரத்தில போகுது என்று எழுதி வச்சிருக்கா?” என்று கேட்டார். என்னிடம் இல்லை. ஆனால் எங்கள் கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. பழைய ஆள், எதையும் எழுதிவைக்கும் பழக்கம். பில் கொப்பியின் பின்பக்கத்தில் பதினாறு நாட்களுக்குத் திகதியும் நேரமும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

வந்தவர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் இல்லை. சரி, கடை பூட்டு. வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஒன்றும் இல்லை. அது ஜும்ஆ நேரம் என்றேன். “அந்த நேரம் கணனி நிற்பாட்டி வைக்கிறதா?” என்று கேட்டார். இல்லை, கணக்குப்பிள்ளையின் கணனி ஓடிக்கொண்டுதான் இருக்கும், பாடல்பெட்டி மாதிரி செய்தி பாடிக்கொண்டிருக்கும். “அப்படி என்றால் அந்த நேரம் இந்தக் கட்டடத்தில வேற என்ன நிற்குது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களுக்கு உடனே பதில் தெரியவில்லை.

அவர் தன் மடிக்கணனியை எடுத்து, ரவுட்டரிலிருந்து எங்கள் ஸ்விட்ச் பெட்டிக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, நேரடியாக ரவுட்டரில் தன்னுடையதை மாட்டி அரை மணித்தியாலம் பிங் ஓடவிட்டார். ஒரு பதில்கூடத் தவறவில்லை. வயரை மீண்டும் மாட்டினார். அப்போதும் அறுகவில்லை. நான் உள்ளுக்குள் நொந்துகொண்டேன். இவர் முன்னாலும் அறுகப் போவதில்லை, இவரும் “ஒன்றுமில்லை” என்று எழுதிவிட்டுப் போகப் போகிறார்.

அந்த நேரம் பார்த்து லொறி வந்தது. நாட்டாமிகள் பொதிகளைச் சுமந்துகொண்டு படியேறினார்கள். ஸ்டோர்ஸ் பையன் திறப்பை எடுத்துக்கொண்டு மேலே போனான். இரண்டு நிமிடம் சென்றிருக்காது, கவுண்டரிலிருந்து சத்தம்: “நெட் போயிட்டு!”

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ரவுட்டரைக் கழற்றியும் பதில் தந்த வாசல்

வந்தவர் மேலே ஓடவில்லை. அறுந்து நின்ற கணனியின் முன் உட்கார்ந்து வாசலை பிங் செய்தார். வழக்கம்போல் ரிப்ளை, ரிப்ளை என்று வந்தது. பிறகு எங்கள் ரவுட்டருக்குப் போய் அதன் வயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “இப்ப பாருங்க முதலாளி” என்றார். வாசல் இல்லை. ஆனாலும் திரையில் ரிப்ளை, ரிப்ளை என்று வந்துகொண்டேயிருந்தது.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் ரவுட்டர் அவர் கையில் இருக்கிறது. அப்படியானால் பதில் தருவது யார்?

விளக்கம் இதுதான். ஒவ்வொரு நெட்வேர்க் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட ஓர் இலக்கம் உண்டு, மெக் இலக்கம் என்பார்கள். இரண்டிரண்டாக ஆறு சோடி, மொத்தம் பன்னிரண்டு எழுத்து. ஒரு கணனி வாசலுக்கு எதையாவது அனுப்புவதற்கு முன் கட்டடம் முழுவதும் கேட்கும்படி, “192.168.1.1 யார்?” என்று கூவும். உரியவர் “நான்தான், என் மெக் இலக்கம் இது” என்று பதில் சொல்வார். கணனி அதைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் அந்த மெக் இலக்கத்துக்கே அனுப்பும். இந்த முறைக்கு ஏஆர்பி என்று பெயர், 1982இல் வகுக்கப்பட்டது. இதில் அடையாள அட்டை பார்க்கும் ஏற்பாடு கிடையாது. “நான்தான்” என்று எவர் சொன்னாலும் கணனி நம்பிவிடும். இரண்டு பேர் சொன்னால் ஒரு கணனி ஒருவரை நம்பும், இன்னொரு கணனி மற்றவரை நம்பும். சரியானவரை நம்பிய கணனிக்கு இணையம் இருக்கும், பிழையானவரை நம்பியதற்கு இருக்காது. பக்கத்துப் பக்கத்துக் கணனிகளில் ஒன்று ஓடி ஒன்று நின்ற மர்மம் அங்கேதான் அவிழ்ந்தது.

ரவுட்டரை நிறுத்திப் போட்டால் சரியானதற்கும் காரணம் இதுவே. உயிர் பெற்று வரும்போது பெரும்பாலான ரவுட்டர்கள் “192.168.1.1 நான்தான்” என்று தாமாகவே ஒருமுறை கூவும். கணனிகள் தங்கள் குறிப்பைத் திருத்திக்கொள்ளும். மேலே உள்ளவர் அடுத்தமுறை உயிர் பெற்றுக் கூவும்வரை எல்லாம் சரி. புதிய ரவுட்டர் மாட்டியும் ஏன் தீரவில்லை? புதியதும் தொழிற்சாலையிலிருந்து 192.168.1.1 என்றே வந்தது. வாசல் பதில் தருகிறது என்று நான் படம் பிடித்து அனுப்பினேனே, அந்தப் பதிலைத் தந்தது என் வாசலே அல்ல.

மேலே போய்ப் பார்த்தோம். ஸ்டோர்ஸில் கதவுக்குப் பக்கத்து மின்பலகையில், லைட் சுவிட்ச்சோடு சேர்ந்து உயிர் பெறும் பிளக்கில், தூசி படிந்த பழைய ரவுட்டர் ஒன்று. அதிலிருந்து ஒரு வயர் கீழே எங்கள் ஸ்விட்ச் பெட்டிக்கு. ஸ்டோர்ஸ் திறந்தால் லைட் போடுவார்கள், லைட் போட்டால் அதுவும் எழும்பும். ஸ்டோர்ஸ் பூட்டினால் அதுவும் தூங்கும். பெருநாள் சீசனில் ஸ்டோர்ஸ் நாளுக்கு நாலைந்து தடவை திறக்கப்படும். அதனால் கோளாறும் நாலைந்து தடவை. சீசன் நெரிசலால் லைன் இழுபடுகிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அதை வைத்தது யார்? என் தங்கையின் மகன். புதுச் சரக்கின் படங்களை மேலே இருந்தே வட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வைஃபை எட்டவில்லை என்று, வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டினான். நல்ல எண்ணம்தான். “மாமா, ஒரு வயர் வாங்கக் காசு வேணும்” என்று கேட்டான், நான்தான் கொடுத்தேன். கொடுத்த அன்றே மறந்தும்விட்டேன். வயர் இழுத்த தம்பி, “கட்டடத்தில வேற ஏதாவது புதுசா மாட்டினீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று இரண்டு தடவையும் அடித்துச் சொன்னவன் நான்.

திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய ரவுட்டரின் வயரைக் கழற்றி, ஒரு மடிக்கணனியில் தனியாக மாட்டி, அதன் இலக்கத்தை 192.168.1.2 என்று மாற்றினார். ஏனையவர்களுக்கு இலக்கம் வழங்கும் டீஎச்சீபி என்ற வேலையை அதில் நிறுத்தினார். இதை மறக்கக் கூடாது: ஒரு கட்டடத்தில் இலக்கம் வழங்குபவர் ஒருவரே இருக்க வேண்டும். இருவர் வழங்கினால் இரண்டு கணனிகளுக்கு ஒரே இலக்கம் கிடைத்து வேறொரு தலையிடி ஆரம்பிக்கும். பிறகு கீழிருந்து வரும் வயரை அதன் வான் துளையில் அல்லாமல் லேன் துளை ஒன்றில் மாட்டினார். இப்போது அது இன்னொரு வாசல் அல்ல, வைஃபையைத் தூரத்துக்கு எட்ட வைக்கும் ஒரு பெட்டி மட்டுமே. மருமகன் இன்றும் மேலே இருந்து படம் அனுப்புகிறான்.

உங்கள் கடையிலும் இப்படி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், இணையம் அறுந்திருக்கும் நேரத்திலேயே கறுப்புத் திரையில் ஏ, ஆர், பி என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஏ எழுத்தும் போட்டு என்டர் செய்யுங்கள். வாசலின் இலக்கத்துக்கு எதிரே அதன் மெக் இலக்கம் தெரியும். நன்றாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை எடுத்து எழுதி வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது சுலபம். இரண்டும் வேறானால் கள்ளன் உள்ளே இருக்கிறான். முதல் மூன்று சோடி எழுத்துக்கள் செய்த கம்பெனியைக் குறிக்கும் என்பதால் எந்த வகைப் பெட்டியைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் இலக்கத்தோடு பார்த்தால் கடைசி எழுத்து மாத்திரம் சிறிது மாறியிருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். இதெல்லாம் கஷ்டம் என்றால் அவர் செய்ததையே செய்யுங்கள்: ரவுட்டரின் வயர்களைக் கழற்றிவிட்டு வாசலை பிங் செய்யுங்கள். பதில் வரக் கூடாது. கமெராப் பெட்டி, கைவிரல் வைக்கும் வரவு இயந்திரம், நெட்வேர்க் பிரின்டர் ஆகியவற்றுக்கும் கையால் இலக்கம் கொடுப்பது வழக்கம் என்பதால் அவற்றிலும் இதே பிழை வரலாம்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒன்றாக அறுகிறது, ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து மீண்டும் எரிகின்றன என்றால் அதன் மின் அடப்டரைச் சந்தேகியுங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் நாளுக்குப் பல தடவை கரண்ட் போய் வந்ததில் பலவீனப்பட்ட அடப்டர்கள் எத்தனையோ. அதே வோல்ட், அதற்குக் குறையாத அம்பியர் உள்ள இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதற்குச் செலவு அதிகமில்லை. புடவைக் கடைகளில் ரவுட்டரைப் பொதிகளுக்கு இடையில் செருகி வைப்பதும் உண்டு. பகல் வெயிலில் சூடேறித் தடுமாறும். இன்னமும் செப்பு வயரில் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு மழை பெய்தால் அறுகிறதா, தொலைபேசி மணி அடித்தால் அறுகிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது வெளியே உள்ள மூட்டில் தண்ணீர், இரண்டாவது தொலைபேசிக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர். ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா, வயரை யாராவது ஆணியில் மடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி இழை கூர்மையான மடிப்பைத் தாங்காது. இந்தப் பாடங்களில் எதைப் படித்தாலும், நேரம் எழுதிய தாள் ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பயனில்லை. நாங்கள் வாங்கிய பதினான்காயிரம் ரூபா ரவுட்டரைவிட எங்கள் கணக்குப்பிள்ளையின் பென்சில் அதிகம் வேலை செய்தது.

அன்று பின்னேரமே வயர் இழுத்த தம்பிக்கு நானே தொலைபேசி எடுத்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன், மறுநாள் வந்தார். மீதிப் பணத்தையும் கொடுத்து, நாலு பேர் முன்னால் சொன்னதை அதே நாலு பேரையும் கூப்பிட்டு வைத்துத் திருப்பிச் சொன்னேன். அவர் காசை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, “நானா, ஸ்விட்ச் பெட்டியில ஒவ்வொரு வயருக்கும் பெயர் எழுதி ஒட்டினா நல்லம், நான் அப்பவே சொன்னேன்” என்றார். சொல்லியிருந்தார். அதற்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா கூடக் கேட்டார் என்று நான்தான் வேண்டாம் என்றேன். இந்த முறை ஒட்டினார். மேலே உள்ள பெட்டியின் மீதும் 192.168.1.2 என்று மார்க்கர் பேனையால் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்.

ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அந்தப் புதிய ரவுட்டர் மட்டும் பெட்டியோடு என் லாச்சியில் கிடக்கிறது. பழையதையே திரும்ப மாட்டிவிட்டோம். விற்ற கடைக்காரர், பெட்டி உடைத்த சாமானைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார். நானும் என் கடையில் அதையேதான் சொல்கிறேன் என்பதால் மேற்கொண்டு பேசவில்லை.